மடு மண்ணில் பாதி

மன்னார்
10.12.1987

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

செலீனா எழுதுவது. நானும் பிள்ளை ஜெசிக்காவும் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் கடிதங்களில் "சுகம்" என்ற ஒரு சொல் தவறாமல் வருகிறது. அதை நம்பி நாங்களும் சந்தோசமாக இருக்கிறோம்.

மடுவுக்குப் போய் வந்தேன். வழியில் இந்திய ஆமிக்காரர் மறித்துப் பையைக் கிண்டினார்கள். கோயில் மண் கட்டிய பொட்டலத்தை ஒருவன் பிரித்துப் பார்த்து, கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான். திருநீறு என்று நினைத்தானாக்கும். மிச்சத்தில் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன், உங்கள் வாசலில் தூவுங்கள். பாம்பு பூச்சி அண்டாது. டென்மார்க்கில் பாம்பு இல்லை என்று பதில் எழுத வேண்டாம், வேறு ஏதாவது இருக்கும். மற்றப் பாதியை இங்கே கடலுக்குப் போகிறவர்களுக்காக வைத்துக்கொண்டேன்.

கடலுக்குப் போகிறவர் என்றால் உங்கள் தம்பி அல்பேட்தான். காற்று எப்படி அடித்தாலும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறார். நான் மறித்தால், "மண் தூத்தியின்ர வம்சம் வாய் வைச்சா வலை நிறையாது மச்சாள், பேசாமல் இருங்கோ" என்று சிரிக்கிறார். பகிடிதான், எனக்குக் கோபம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் தாய்வழியில் ஒருத்தி, கோயிலைப் பூட்டிய அதிகாரியின் வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றினாளாம். அவன் காய்ச்சலில் செத்தான். அவளைச் சூனியக்காரி என்று விசாரித்து மரத்தில் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள். அவளை அடித்தது ஊருக்கு மறந்துவிட்டது, பெயர் மட்டும் மறக்கவில்லை.

எங்களை அங்கே கூப்பிடும் அலுவல் என்ன மட்டில் இருக்கிறது? ஜெசிக்கா சப்பாத்துக்கு என்று கடதாசியில் கால் அளவு கீறி வைத்திருக்கிறாள்.

மறவாமல் சாப்பிடுங்கள்.
செலீனா

*

இக்காஸ்ட், டென்மார்க்
24.01.1988

அன்பின் செலீனாவுக்கு,

ஸ்ரனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. இங்கு குளிர். சுகம். அங்கும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

மண் கிடைத்தது. வெளியே பனி கொட்டிக் கிடந்தபடியால் கதவுக்கு உட்பக்கம், நிலைப்படியில் தூவினேன்.

இது முன்பு இருந்த வீடு இல்லை, மாறி வந்துவிட்டேன். ஊர் எல்லையில் பழைய பண்ணை வீடு. மேல்தட்டில் வீட்டுக்காரி இருக்கிறா, வயதான விதவை, பெயர் 'இங்க'. கீழே நானும் மட்டக்களப்புப் பெடியன் சிவபாலனும். இருவருக்கும் துணி ஆலையில் சாயம் போடும் பகுதியில் வேலை. இந்த மாதம் முழுக்க நீலம். கை கழுவினாலும் போவதில்லை.

வீட்டுக்குள் வைக்கோல் எரிந்த மணம் வருகிறது. அடுப்போ கரண்ட் அடுப்பு. சிவபாலன் ஒவ்வொரு அறையாக மோந்து பார்த்துவிட்டு, "அண்ணை, நீங்க ஏதும் எரிச்சநீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். இப்போது பழகிவிட்டது.

உங்கள் அலுவலாக, வெளிநாட்டார் விசயம் பார்க்கும் பொலிசில் போய்க் கேட்டேன். கொப்பன்ஹேகனில் பார்க்கிறார்கள், பொறுத்திருங்கள் என்றார்கள். போன முறையும் அதே ஆள் அதையேதான் சொன்னார்.

வேறு விசேசம் இல்லை. பிள்ளையைக் கவனமாகப் பார்க்கவும்.
ஸ்ரனிஸ்லாஸ்

*

மன்னார்
06.03.1988

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். சுகம் கேட்டு எழுதும் நேரம் இதுவல்ல, ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

அன்று விடியவே வாடைக்காற்று. அல்பேட் வள்ளத்தைத் தள்ளினார். நான் பின்னால் ஓடினேன். "இண்டைக்குப் போகாதை அல்பேட், கடல் கறுத்துக் கிடக்கு" என்று கத்தினேன். "மச்சாள், விடுங்கோ" என்று அவரும் கத்தினார். கரையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. வள்ளம் மிதந்ததும் நான் மண்ணை அள்ளி அவர் மேல் எறிந்தேன். மாமி வேலிக்குள் நின்று பார்த்தார்.

முதலில் வள்ளம் வந்து ஒதுங்கியது. பிறகு அவர் வந்தார்.

சவப்பெட்டியில் கையை வைத்துக்கொண்டு மாமி சொன்னார்: "மண்ணள்ளி எறிஞ்சவள், என்ர இந்தக் கண்ணால கண்டனான். வம்சத்துக் குணம் விடுமே." ஒருவரும் அவரை மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எறிந்தேன்தானே, அது பொய் இல்லை.

மாமி உங்களுக்கு எழுதுவார், எழுதட்டும். பெற்ற வயிறு. நீங்கள் என்னிடம் ஒரு சொல் கேட்டால் நான் ஒரு சொல் சொல்லுவேன்.

அழுகை வந்தால் அழுங்கள்.
செலீனா

*

இக்காஸ்ட்
29.05.1988

அன்பின் செலீனாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. வேலை கூட. நான் சுகம். நீரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அல்பேட்டுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். அம்மாவின் கடிதமும் வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இங்கே பனி போய்விட்டது. போன கிழமை வீட்டுக்காரி கீழே இறங்கி வந்தா. நிலைப்படியில் மண்ணைக் கண்டதும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டினா. எனக்கு டெனிஷ் அவ்வளவு விளங்காது, சிவபாலன்தான் சொன்னான்: "இந்த வாசல்ல மண் போட்டா நல்லதில்லை எண்டு சொல்றா, அண்ணை. இதால ஒரு பொம்புளைய எரிச்சவங்களாம்."

நடந்தது முந்நூறு வருடத்துக்கும் மேல். இந்த வீட்டில் மெற்றே என்று ஒருத்தி இருந்தாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று செத்தது. மெற்றே சவக்காலையில் பிணம் புதைத்த மண்ணைக் கொண்டுவந்து அவர்கள் வாசலில் எறிந்ததைக் கண்டோம் என்று ஊர் சொன்னது. விசாரித்தார்கள். ஏணியில் கட்டி, ஏணியோடு நெருப்பில் சாய்த்தார்கள். அவளுடைய ஆட்கள் ஒரு பிடி சாம்பலை எடுத்துவந்து இந்த வாசலிலேயே புதைத்தார்கள் என்று வீட்டுக்காரி சொல்லுகிறா. இப்படிச் சாம்பல் மேல் வாடகை கொடுத்து இருக்கிறோம்.

எழுத வேறு ஒன்றும் இல்லாதபடியால் இதை எழுதினேன். விசா அலுவல் முன்னைப் போலத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
ஸ்ரனிஸ்லாஸ்

*

மன்னார்
20.06.1988

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். பனி, பாவாடை, வாடகை எல்லாம் இருந்தது, நான்தான் இல்லை. இருந்தாலும் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம் என்பதை அறியத் தருகிறேன்.

கிணற்றடிக்கு நான் போனால் மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். ஜெசிக்காவுக்குப் பக்கத்தில் பிள்ளைகளை இருக்க விடுவதில்லை. போன மாதம் எங்கள் வேலிக்கு யாரோ நெருப்பு வைத்தார்கள். நான் தண்ணீர் ஊற்றி அணைத்தேன், ஒருவரும் வரவில்லை.

கோயில் மூப்பர் பேதுரு வந்து வாசலுக்கு வெளியே நின்று கதைத்தார். "பிள்ளை, நான் உன்னைக் குற்றம் சொல்லேல்லை. ஆனா ஊர் கேக்குது. முறைப்படி சத்தியம் பண்ணு. ஸ்ரனிஸ்லாஸ் ஒரு கடுதாசி எழுதினாக் காணும்." முறை உங்களுக்குத் தெரியும். அந்தோனியார் திருநாளில் பழி சுமந்தவள் மெழுகுதிரியோடு நிற்க வேண்டும். பக்கத்தில் அவளுடைய ஆள் இன்னொரு மெழுகுதிரியோடு நின்று, "இவளை எனக்குத் தெரியும், இவளில் தீங்கில்லை" என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருந்தால் அவனுடைய கடிதத்தை மூப்பர் வாசிப்பார். சுவாமியாருக்கு இதெல்லாம் பிடிக்காது, அவர் அந்த நேரம் பார்த்து எங்காவது போய்விடுவார்.

இந்த வருடத் திருநாள் முடிந்துவிட்டது. வருகிற ஆனி வரைக்கும் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் உங்கள் சொல் வராவிட்டால் எனக்குக் கோயிலும் இல்லை, பிள்ளைக்கு நற்கருணையும் இல்லை, இந்த ஊரில் இருக்கவும் விடமாட்டார்கள். அந்த ஒரு வரியை எழுதி அனுப்புங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த மெற்றேக்குப் புருசன் இருந்தானா? விசாரித்தபோது அவன் என்ன சொன்னான்?

சாயம் கையோடு சாப்பிடாதீர்கள்.
செலீனா

*

இக்காஸ்ட்
25.09.1988

அன்பின் செலீனாவுக்கு,

இங்கே இருட்டத் தொடங்கிவிட்டது. நான் சுகம். வேலியைத் திருத்திவிட்டீரா?

நீர் கேட்டதை வீட்டுக்காரி இங்கவிடம் கேட்டேன். மெற்றேக்குப் புருசன் இருந்தானாம். அவளைப் பற்றிச் சொல்லச் சொல்லி அவனை எல்லோருக்கும் முன் கூப்பிட்டார்களாம். "அவளைப் பற்றி எனக்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டான். பிறகு நெடுங்காலம் இந்த வீட்டிலேயே இருந்து கிழவனாகிச் செத்தானாம்.

நிலைப்படி மண்ணை எடுத்துவிடச் சொல்லி வீட்டுக்காரி திரும்பவும் வந்து நின்றா. நேர்ந்த மண்ணைக் குப்பை வாளியில் போட எனக்கு மனம் வரவில்லை. பலகை இடுக்கில் கிடந்ததையும் சுரண்டிக் கூட்டி எடுத்தேன். கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது, பழைய வீட்டு ஊத்தையும் கலந்திருக்கும். இத்துடன் அனுப்புகிறேன். கோயில் வளவில் போட்டுவிடவும்.

மூப்பருக்கு எழுதுவதைப் பற்றி யோசிக்கிறேன். விசா கிடைத்தால் அதற்கே தேவை இருக்காது.

மழைக்கு முன் கூரையைப் பார்க்கவும்.
ஸ்ரனிஸ்லாஸ்

*

மன்னார்
27.11.1988

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான், ஜெசிக்கா, இன்னொருத்தி மூவரும் சுகம். உங்கள் வீடு இப்போது நல்ல மணமாக இருக்குமே?

மண் வந்து சேர்ந்தது. நான் காப்புக்கென்று அனுப்பியதை நீங்கள் கூட்டி அள்ளித் திருப்பி அனுப்பியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. பொட்டலத்தைக் குசினியில் வைத்தேன். அடுத்த நாள் மதியம் வைக்கோல் எரிந்த மணம். கூரையில் நெருப்பு வைத்துவிட்டார்கள் என்று வெளியே ஓடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. திரும்பி உள்ளே வந்தால் அடுப்படியில் ஒரு வெள்ளைக்காரி நிற்கிறாள். பாவாடை விளிம்பு கருகியிருக்கிறது. முதுகு வளையாமல், இன்னும் ஏணியில் கட்டியிருக்கிறபடிதான் நிற்கிறாள்.

நான் கத்தவில்லை. கத்தினால் யார் வரப் போகிறார்கள்? இந்த வீட்டுக்கு மாதக்கணக்காக ஒருவரும் வந்ததில்லை, வந்தவளை இருக்கச் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. ஜெசிக்கா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, அந்த அன்ரிக்கு இருக்கத் தெரியேல்லை" என்றாள். பலகையைப் போட்டு நான் இருந்து காட்டினேன்.

அன்றிலிருந்து இங்கேதான். பயம் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வரவில்லை. அழுகையும் வருவதில்லை. அரிசி கழுவுகிறேன், அவள் நிற்கிறாள், பின்னேரமாகிறது.

உங்கள் வீட்டில் ஒரு பெண் இருந்ததை ஏன் எனக்கு எழுதவில்லை? மற்றப் பெண்சாதிமார் இதே கேள்வியை வேறு மாதிரிக் கேட்பார்கள். நான் இப்படிக் கேட்கிறேன்.

மூப்பருக்கு எழுதுங்கள்.
செலீனா

*

இக்காஸ்ட்
05.02.1989

அன்பின் செலீனாவுக்கு,

நான் சுகம் என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மணம் போய்விட்டது. மண்ணைத் தபாலில் போட்ட அன்றோடு போய்விட்டது. சிவபாலனும் இஷொய் என்ற ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் போய்விட்டான். "இந்த வீட்டில இருக்கேலாது அண்ணை, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை.

நான் அவளைக் கண்டிருக்கிறேன். வேலையால் வந்து கதவைத் திறந்தால் குசினியில் நிற்பாள். என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் சப்பாத்தைக் கழற்றுவேன், சோறு வைப்பேன், அவளைச் சுற்றிப் போய் உப்புப் போத்தலை எடுப்பேன். என்னிடமிருந்து ஏதோ ஒரு சொல்லை எதிர்பார்க்கிறாள் என்று தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உமக்கு எழுதாததற்குப் பயம் காரணமில்லை. எழுத ஒன்றும் தோன்றவில்லை, எல்லாவற்றுக்கும் இப்போது அப்படித்தான். அல்பேட்டின் தந்தி வந்த நாளும் வேலைக்குப் போனேன். அன்று சிவப்புச் சாயம். அம்மா எழுதியதை நான் நம்புகிறேனா என்று நீர் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குத் தெரியாது. நம்பவில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தால், அல்பேட் சின்ன வயதில் என் தோளில் ஏறி இருந்தது நினைவுக்கு வருகிறது, கை நின்றுவிடுகிறது.

தமிழர்களுடைய குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களைப் பார்க்காமல் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று இங்கே கதை அடிபடுகிறது. மந்திரியும் மாறிவிட்டார். இனி அசையும் என்கிறார்கள். நாங்கள் கேட்கப் போனபோதெல்லாம் "பார்க்கிறோம்" என்று நல்ல முகத்தோடு சொன்னார்கள். எனக்குக் கோபம் வர வேண்டும், அதுவும் வரவில்லை.

அவள் அங்கே என்ன செய்கிறாள்?
ஸ்ரனிஸ்லாஸ்

*

மன்னார்
27.03.1989

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

முதல் முறையாக உண்மையில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றி. இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

அவள் இருக்கப் பழகிவிட்டாள். முதுகும் கொஞ்சம் வளைகிறது. ஜெசிக்கா படிக்கும்போது பக்கத்தில் குந்தியிருக்கிறாள். உங்கள் கடிதம் வந்தால் நான் வாசித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்ப்பாள். முடித்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டுவேன். அவளுக்கு அது விளங்குகிறது.

திருநாளுக்குக் கொடிக்கம்பம் பூசத் தொடங்கிவிட்டார்கள். நான் மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், இனிக் கேட்க மாட்டேன். கோபத்தில் இல்லை. கேட்டுக் கேட்டு என் காதுக்கே அது பழைய பாட்டாகிவிட்டது.

குளிருக்குப் போர்த்திக்கொள்ளுங்கள்.
செலீனா

*

இக்காஸ்ட்
04.06.1989

என் அன்பின் செலீனாவுக்கு,

அனுமதி கிடைத்துவிட்டது. உமக்கும் ஜெசிக்காவுக்கும். கடிதம் வந்து நாலு நாள். கையில் வைத்துக்கொண்டு குசினியில் இருந்தேன். சொல்ல ஆள் இல்லை. அவள் நின்ற இடத்தைப் பார்த்து, "உன்னில் தீங்கில்லை" என்று சத்தமாகச் சொன்னேன். வெறும் சுவர்தான். அவள் இங்கே நின்ற மாதங்கள் எல்லாம் அந்தச் சொல் எனக்குள் எங்கே கிடந்தது என்று தெரியவில்லை. பிறகு அழுதேன். அல்பேட்டுக்காகவும் சேர்த்துத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன்.

இதற்குக் கீழே உள்ளதைப் பேதுரு மூப்பரிடம் கொடுக்கவும். திருநாளுக்கு முன் சேர வேண்டும் என்று இன்றே தபாலில் போடுகிறேன்.

"மூப்பர் அவர்களுக்கும் ஊரவர்க்கும் ஸ்ரனிஸ்லாஸ் எழுதுவது. செலீனா என் தம்பி மேல் எறிந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. எறிந்தவளை எனக்குத் தெரியும். அவளில் தீங்கில்லை. அந்தோனியார் அறிய இது சத்தியம்."

வாருங்கள். வீட்டைக் கழுவி வைக்கிறேன்.
ஸ்ரனிஸ்லாஸ்

*

மன்னார்
25.06.1989

மடுமாதா துணை

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். இந்த முறை அது உண்மை.

உங்கள் கடிதம் திருநாள் முடிந்து அடுத்த கிழமை வந்தது. நல்ல கடிதம். அனுமதி கிடைத்த பிறகுதான் அந்தச் சொல்லும் கிடைத்தது என்பதைக் கண்டேன், கண்டும் மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்று நடந்ததைச் சொல்லுகிறேன். கோயில் நிறைய சனம். மூப்பர் என்னிடம், "ஸ்ரனிஸ்லாசின்ர கடுதாசி வந்ததோ பிள்ளை?" என்று கேட்டார். "இல்லை ஐயா." "வேற ஆரும் உனக்காக நிப்பினமோ?" ஒருவரும் அசையவில்லை. அப்படியானால் ஆள் நிற்க வேண்டிய இடத்தில் மெழுகுதிரியை நிலத்தில் வைப்பார்கள். சத்தியம் முடியும்வரை அது அணையாமல் இருக்க வேண்டும். கடல் பக்கக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். காற்றில் என் கையில் இருந்ததே அணைந்துவிட்டது.

அப்போது வைக்கோல் எரிந்த மணம் வந்தது. நிலத்தில் இருந்த மெழுகுதிரி மேலே எழும்பியது. ஒரு பெண் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் எந்த உயரமோ அந்த உயரத்தில் நின்றது. சுடர் ஆடவே இல்லை. பிடித்திருந்தவளை நானும் ஜெசிக்காவும் கண்டோம், மற்றவர்கள் மெழுகுதிரியை மட்டும் கண்டார்கள். ஒவ்வொருவராக முழங்காலில் விழுந்தார்கள், மாமியும் விழுந்தார். நான் சத்தியத்தைச் சொல்லி முடித்தேன். அந்தோனியாரின் புதுமை என்று மூப்பர் கூவினார், நான் மறுக்கவில்லை. நான் சூனியக்காரி இல்லை என்று ஊர் இப்படித்தான் நம்பியது.

உங்கள் இடத்தில் அவள் நின்றாள் என்பதை மட்டும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாமி ஒரு சட்டி மீன் குழம்போடு வந்தார். "என்னத்தையடி எறிஞ்சனி?" என்று அப்போதுதான் கேட்டார். மடு மண், அத்தான். உங்களுக்கு அனுப்பியதின் மற்றப் பாதி. கடலுக்குப் போகிறவர்களுக்காக என்று உங்களுக்கு எழுதியும் இருந்தேன். நெற்றியில் பூசிவிடத்தான் ஓடினேன். வள்ளம் மிதந்துவிட்டது, கை எட்டவில்லை, அதனால் எறிந்தேன். பாதி அவர் தலையில் விழுந்தது, பாதி கடலில் விழுந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை என்பதும் உண்மைதான். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமேயடி" என்று மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒருத்தரும் கேக்கேல்லையே மாமி" என்றேன். நீங்களும் கேட்கவில்லை. கேட்காமலே என்னைத் தெரிந்திருப்பீர்கள் என்று நானும் கடைசி வரைக்கும் வாய் திறக்காமல் இருந்தேன்.

இனி வரும் அலுவல். ஜெசிக்காவின் கால் வளர்ந்துவிட்டது, அந்தப் பழைய அளவுக்குச் சப்பாத்து வாங்க வேண்டாம். அனுமதி இரண்டு பேருக்கு. வருவது மூன்று பேர். அவளுக்கு ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை, தன் வீட்டுக்குத்தான் வருகிறாள். அந்த மண்ணைத் திரும்பப் பொட்டலம் கட்டிவிட்டேன்.

நீங்கள் சுவரைப் பார்த்துச் சொன்னதை அவள் கேட்கவில்லை. இங்கே அவளுக்கு விளங்கும் பாசை தெரிந்தவர் ஒருவரும் இல்லை, அதனால் நானும் சொல்லவில்லை. நாங்கள் வந்ததும் முதலில் அவளுக்குச் சொல்லுங்கள். அந்த வாசலில் வைத்தே, அவளுடைய புருசன் சொல்லாததை, டெனிஷில் சொல்லுங்கள். வீட்டுக்காரி இங்கவிடம் கேட்டுப் பாடமாக்கி வையுங்கள்.

பிறகு எனக்குச் சொல்லுங்கள். அவசரமில்லை. அவளுக்குச் சொல்லி முடியும்வரை நான் பெட்டியோடு வெளியே நிற்கிறேன்.

செலீனா